சம்பங்கி ஏரி: பயன்கொள்வோரை இழந்த பொதுவளம்

பொதுவளம் பயன்கொள்வோரின் பேராசையால் அழியும் என்பது 1968இல் காரெட் ஹார்டின் முன்வைத்த வாதம். பயன்கொள்வோரே விதி வகுத்து, கண்காணித்து, மீறுவோரைத் தண்டித்து வளங்களைக் காத்திருக்கின்றனர் என்று 1990இல் எலினோர் ஆஸ்ட்ரோம் எடுத்துக்காட்டினார். பெங்களூரின் சம்பங்கி ஏரி இவ்விவாதத்தில் வேறொரு வினாவை எழுப்புகிறது: பயன்கொள்வோரே விலக்கப்பட்டால் வளம் என்னவாகும்?

வற்றாத ஆறு இல்லாத மேட்டுநிலம் பெங்களூர். அங்கு ஏரிகள் சங்கிலித்தொடராக அமைந்தன. மேலேரியின் மிகைநீர் கீழேரிக்குப் பாய்ந்தது. எனவே ஓர் ஊரின் புறக்கணிப்பு அடுத்த ஊரின் இழப்பாயிற்று. மதகைத் திறந்து நீரைப் பங்கிட்டவரைக் கன்னடம் 'நீருகண்டி' என்றது. தமிழக ஊர்களில் அவர் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி. ஏரிப் பராமரிப்புக்கென விடப்பட்ட நிலம் கன்னடக் கல்வெட்டுகளில் 'கட்டுக்கொடகெ', தமிழ்க் கல்வெட்டுகளில் 'ஏரிப்பட்டி'. பெயர்கள் வேறு, பொருளியல் ஒன்றே. ஏரியின் விளைச்சலிலிருந்தே அதைக் காக்கும் செலவும் ஈட்டப்பட்டது.

சம்பங்கி ஏரி, மைசூர் அரசின் கீழிருந்த பேட்டைக்கும் ஆங்கிலேயரின் கண்டோன்மெண்டுக்கும் இடையே இருந்தது. தமிழ் வேர் கொண்டவர்களாகக் கருதப்படும் திகளர் அதன் அருகே தோட்டப்பயிர் செய்தனர். 1890களில் ஹேசரகட்டாவிலிருந்து குழாய்நீர் வந்தது. அதன்பின் குடிநீருக்காக நகரம் ஏரிகளை நம்பவேண்டிய தேவை குறைந்தது. தோட்டக்காரர்களின் தேவை மட்டும் குறையவில்லை. அவர்கள் நீர் நிறைந்த ஏரியை வேண்டினர். போலோ ஆடியோருக்கு வறண்ட படுகையே உகந்தது. நகரம் தோட்டக்காரர் பக்கம் நிற்கவில்லை. ஏரி படிப்படியாக வற்றவைக்கப்பட்டது. இன்று அங்கிருப்பது கண்டீரவா விளையாட்டரங்கம்.

ஆக, சம்பங்கியை அழித்தது அளவுமீறிய பயன்பாடன்று. ஏரியால் வாழ்ந்தவர்களின் சொல்லுக்கு அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் மதிப்பில்லாமற்போனதே அதன் முடிவுக்கு வழிவகுத்தது. விதிகளை வகுக்கும் உரிமையைப் பயன்கொள்வோர் வைத்திருப்பதும், அவ்வுரிமையை வெளி அதிகாரம் ஏற்பதும் ஆஸ்ட்ரோம் வகுத்த நெறிகளுள் அடங்கும். இங்கு முறிந்தவை அவையே.

இன்றைய ஏரி மீட்புத் திட்டங்களுக்கும் இது பொருந்தும். வேலியும் நடைபாதையும் அமைத்தபின் மேய்ப்பரும் மீனவரும் கீரை பறிப்போரும் வெளியே நிற்பார்களாயின், மீட்கப்படுவது நீர்ப்பரப்பு மட்டுமே, பொதுவளம் அன்று.

சம்பங்கியில் எஞ்சியிருப்பது ஒரு சிறு குளம். திகளரின் கரகத் திருவிழாச் சடங்குக்கு அது தேவைப்படுகிறது. பயன்கொள்வோரின் உரிமை ஏற்கப்பட்ட அளவுக்கே அங்கு நீரும் எஞ்சியுள்ளது.