பதினொரு பாடல்களும் மூன்று துளைக்கருவிகளும்

‘சிகாகோ’ என்னும் அமெரிக்க ராக் இசைக்குழுவின் ஒன்பதாவது இசைத்தட்டு 1975 நவம்பரில் வெளிவந்தது. அதில் புதிய பாடல் ஒன்றுகூட இல்லை. 1969 முதல் 1974 வரை அக்குழு வெளியிட்டிருந்தவற்றுள் பதினொன்றைத் தேர்ந்து, ‘சிகாகோஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்ற பெயரில் கொலம்பியா நிறுவனம் தொகுத்தளித்தது. டிசம்பர் நடுப்பகுதியில் பில்போர்டு இசைத்தட்டுப் பட்டியலின் முதலிடத்தை எட்டிய அத்தொகுப்பு ஐந்து வாரங்கள் அங்கேயே நின்றது.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. அந்தப் பதினொரு பாடல்களுள் ஒன்றுகூடத் தனிப்பாடலாக பில்போர்டின் முதலிடத்தைத் தொட்டதில்லை. மிக உயர்ந்த இடத்தைப் பெற்றது 1972-இன் ‘சாட்டர்டே இன் த பார்க்’. அதுவும் மூன்றாம் இடம்தான். குழுவுக்கு முதன்முறையாக முதலிடம் பெற்றுத் தந்த தனிப்பாடல் ‘இஃப் யூ லீவ் மீ நௌ’. அது தொகுப்பு வெளிவந்து ஓராண்டு கழித்து, 1976-இல்தான் வந்தது. ஆக, தனித்தனியே முதலிடம் காணாத பாடல்கள் ஒன்றாகச் சேர்ந்தபோது முதலிடம் கண்டன. அரை நூற்றாண்டு கடந்தும் அவை கேட்கப்படுகின்றன. இதற்கான காரணத்தைப் பழைய நினைவுகளின் மீதான ஏக்கம் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அதே ஏக்கத்துக்கு உரிய எத்தனையோ குழுக்களின் தொகுப்புகள் இன்று பழைய இசைத்தட்டுக் கடைகளின் மூலைகளில் கிடக்கின்றன. விடையைப் பாடல்களின் கட்டமைப்பிலேயே தேட வேண்டியிருக்கிறது.

குழு உருவானது 1967-இல், சிகாகோ நகரில். டிராம்போன் வாசித்த ஜேம்ஸ் பாங்கோ, ட்ரம்பெட் வாசித்த லீ லாக்னேன், சாக்ஸபோனும் புல்லாங்குழலும் வாசித்த வால்டர் பராசைடர் ஆகிய மூவரும் அந்நகரின் டிபால் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள். இவர்களோடு கிதார் கலைஞர் டெரி காத், விசைப்பலகைக் கலைஞர் ராபர்ட் லாம், தாளக் கலைஞர் டேனி செராஃபின், பாஸ் கிதார் கலைஞர் பீட்டர் செட்டெரா ஆகியோர் சேர எழுவராயினர். தொடக்கத்தில் ‘த பிக் திங்’ என்ற பெயரில் இரவு விடுதிகளில் பிறர் பாடல்களை வாசித்து வந்தனர். தயாரிப்பாளர் ஜேம்ஸ் வில்லியம் குவெர்சியோ அவர்களை லாஸ் ஏஞ்சலஸுக்கு அழைத்துச் சென்று ‘சிகாகோ ட்ரான்சிட் அத்தாரிட்டி’ எனப் பெயரிட்டார். அது அந்நகரின் பேருந்து, ரயில் சேவைகளை நடத்தும் பொது அமைப்பின் பெயர். அவ்வமைப்பு சட்ட நடவடிக்கை எடுக்கப்போவதாக எச்சரித்ததும் பெயர் ‘சிகாகோ’ எனச் சுருங்கியது.

ராக் இசையில் துளைக்கருவிகள் ஒலிப்பது அப்போது புதிதன்று. சோல் இசையில் அவை ஏற்கெனவே வேரூன்றியிருந்தன. பீட்டில்ஸ் 1966-இலேயே ஒரு பாடலில் அவற்றை முழங்கச் செய்திருந்தனர். ஆனால் பெரும்பாலான ராக் பதிவுகளில் அவற்றின் இடம் பக்கவாத்தியத்தின் இடமே. கிதாரும் குரலும் தாளமும் பதிவாகி முடிந்த பின்னர், கூலிக்கு அமர்த்தப்பட்ட கலைஞர்கள் வந்து மெருகேற்றிச் செல்வார்கள். ஜாஸ் வழக்கில் ட்ரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் அனைத்தையும் ‘ஹார்ன்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பர். மேற்கத்தியச் செவ்வியல் மரபோ சாக்ஸபோனை மரத்துளைக் கருவிகளின் வகையில் சேர்த்துப் பித்தளைக் கருவிகளிலிருந்து பிரித்துவிடும். ‘துளைக்கருவி’ என ஒரே குடையின் கீழ்க் கொண்டுவரும் தமிழ் வகைப்பாடு இந்த வகையில் ஜாஸ் கலைஞர்களின் பேச்சுவழக்குக்கு நெருக்கமானது.

இந்தப் பக்கவாத்திய நிலையைச் சிகாகோ எவ்வாறு மாற்றியது என்பதற்குத் தொகுப்பின் ஆசிரியர் பெயர்களே சான்று. பதினொரு பாடல்களுள் நான்கு ராபர்ட் லாம் எழுதியவை, ஒன்று செட்டெராவுடையது. எஞ்சிய ஆறும் துளைக்கருவிக் கலைஞர்களின் கைவண்ணம். ‘மேக் மீ ஸ்மைல்’, ‘கலர் மை வேர்ல்ட்’, ‘ஜஸ்ட் யூ அண்ட் மீ’, ‘சர்ச்சின் சோ லாங்’ ஆகியவற்றை டிராம்போன் கலைஞர் பாங்கோ எழுதினார். ‘ஃபீலின் ஸ்ட்ராங்கர் எவ்ரி டே’ அவர் செட்டெராவுடன் இணைந்து எழுதியது. ‘கால் ஆன் மீ’ ட்ரம்பெட் கலைஞர் லாக்னேனுடையது. ராக் வரலாற்றில் டிராம்போன் வாசிப்பவர் ஒருவர் தம் குழுவின் முதன்மைப் பாடலாசிரியர்களுள் ஒருவராக விளங்குவது அரிது. துளைக்கருவிப் பகுதிகளை அமைக்கும் பணியும் பெரும்பாலும் பாங்கோவிடமே இருந்தது. எனவே இப்பாடல்களில் அப்பகுதி மெருகு அன்று. பாடகர் மூச்செடுக்கும் இடங்களில் மெட்டைக் கையிலெடுத்து நகர்த்திச் செல்லும் இன்னொரு குரல் அது. பாடலின் சொற்களை மறந்துவிட்டவர்களும் அந்த இடைவரிகளை மட்டும் முணுமுணுக்க முடிவது இதனால்தான்.

குரல்களின் பங்கீடும் கருதத்தக்கது. தொகுப்பில் ஐந்து பாடல்களைச் செட்டெரா உயர்ந்த குரலிலும், மூன்றை லாம் இயல்பான பேச்சுத் தொனியிலும் பாடுகின்றனர். எஞ்சிய மூன்றில் காத்தின் கனத்த குரல் முன்நிற்கிறது. மூன்று குரல்களும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. வானொலியில் அடுத்தடுத்துக் கேட்பவர் மூன்று வெவ்வேறு குழுக்கள் என எண்ணக்கூடும். ஒரே குழு என்று அடையாளம் காட்டியது அந்த மூன்று துளைக்கருவிகளின் ஒலிதான். அவர்களின் இசைத்தட்டு உறைகளிலும் முகங்களுக்கு முதன்மை இல்லை. வளைந்த எழுத்தில் அமைந்த பெயர்ச் சின்னமே மீண்டும் மீண்டும் வரும். ஒன்பதாம் தட்டின் உறையில் குழுவினர் சாரத்தில் நின்று அந்தச் சின்னத்துக்கு வண்ணம் பூசுகிறார்கள். புகழ் பெற்ற ஒரு குழு தன் பெயர்ப்பலகைக்கே வேலையாட்களாக நிற்கும் அந்தப் படம், உறை வடிவமைத்தோர் எண்ணியதைவிடவும் உண்மையானது எனலாம்.

‘பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ்’ குழுவோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அக்குழுவின் இரண்டாம் இசைத்தட்டையும் தயாரித்தவர் குவெர்சியோதான். 1969-இல் அதிலிருந்து வந்த மூன்று பாடல்கள் இரண்டாம் இடத்தைப் பெற்றன. 1970-இல் ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான கிராமி விருதும் கிடைத்தது. துளைக்கருவி ராக் என்றால் முதலில் நினைவுக்கு வந்தவர்கள் அவர்களே. ஆனால் அவர்களுக்கு ஒரு முகம் இருந்தது. பாடகர் டேவிட் கிளேட்டன் தாமஸ். அவர் 1972-இல் விலகியதும் அந்தப் பழைய உயரம் திரும்பவில்லை. அவர்களுடைய வெற்றிப் பாடல் தொகுப்பு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

சிகாகோவின் தொகுப்பைத் திறக்கும் பாடல் ‘ட்வென்ட்டி ஃபைவ் ஆர் சிக்ஸ் டு ஃபோர்’. தலைப்பே ஒரு மொழியியல் புதிர். ‘நான்கு மணிக்கு இருபத்தைந்து அல்லது இருபத்தாறு நிமிடம் இருக்கிறது’ என்னும் முழுத்தொடரிலிருந்து மணியும் நிமிடமும் இரண்டாவது இருபதும் தொக்கி நிற்கின்றன. விடியற்காலையில் உறக்கமின்றிப் பாடல் எழுத முயலும் ஒருவர் சுவர்க்கடிகாரத்தைச் சரியாகப் பார்க்க முடியாமல் ஏறத்தாழ நேரம் சொல்கிறார். லாம் தந்த விளக்கம் இவ்வளவே. ஆனால் தொகைச்சொற்களை விரிக்கத் தெரியாதவர்கள் அந்த எண்களுக்குள் போதைப்பொருள் குறிப்புகளைக் கண்டனர். சிங்கப்பூரில் அந்த ஐயத்தின் பேரில் பாடல் தடைசெய்யவும் பட்டது. இசையைப் பொறுத்தவரை, ஐந்து படிகளில் இறங்கும் ஒரு கிதார் வரியே இதன் முதுகெலும்பு. இறங்கி முடிந்து மீண்டும் மேலிருந்து தொடங்கும் அவ்வரியின் மீது துளைக்கருவிகள் குறுகிய வெட்டுகளாக விழுகின்றன. ஒருமுறை கேட்டவர்க்கு அடுத்த வெட்டு எங்கே விழும் என்பது தெரிந்துவிடும். தெரிந்த பின்னும் காத்திருப்பு குறைவதில்லை.

இனி, தொகுப்பு எதைச் சேர்த்தது என்பதைவிட எதை விட்டது என்பதையும் பார்க்க வேண்டும். சிகாகோவின் முதல் மூன்று தட்டுகளும் இரட்டைத் தட்டுகள். நான்காவது, கார்னகி அரங்க நிகழ்ச்சியின் நான்கு தட்டுத் தொகுதி. நீளம் அவர்களின் இயல்பு. ‘மேக் மீ ஸ்மைல்’, ‘கலர் மை வேர்ல்ட்’ இரண்டும் முதலில் தனிப்பாடல்களே அல்ல. 1970-இல் பாங்கோ எழுதிய, ஏறத்தாழ பதின்மூன்று நிமிடம் நீளும் ஒரு தொடர் இசையின் பகுதிகள். வானொலிக்காக அத்தொடரின் தலையையும் வாலையும் வெட்டி ஒட்டிச் செய்ததே ‘மேக் மீ ஸ்மைல்’ தனிப்பாடல். ஏஎம் வானொலிக்கு மூன்று நிமிடம்தான் அளவு. அடியளவு கொண்டு பாடல்களை வகுத்த தொகைநூல் மரபை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. நான்கு முதல் எட்டு அடி வரையிலான பாடல்களைக் குறுந்தொகையில் சேர்த்த பூரிக்கோவுக்கும் ஓர் அளவுகோல் இருந்தது. பாடல் முதலில் எந்தச் சூழலில் பிறந்தது என்பதைத் தொகுப்பவரின் அளவுகோல் கேட்பதில்லை. ஆயினும் விதிவிலக்குக்கு இரண்டு இடத்திலும் இடமுண்டு. குறுந்தொகையில் ஒன்பதடிப் பாடல்கள் இருப்பது போல, சிகாகோ தொகுப்பின் இறுதியில் முதல் தட்டின் ‘பிகினிங்ஸ்’ வானொலிக் குறுக்கமாக அன்றித் தன் நீண்ட வடிவிலேயே நிற்கிறது.

வெட்டில் இழந்தவை சிறியன அல்ல. முதல் தட்டில் 1968 ஆகஸ்டில் சிகாகோ நகரில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போது எழுந்த போராட்ட முழக்கங்களின் ஒலிப்பதிவே இடம்பெற்றிருந்தது. இரண்டாம் தட்டில் வியட்நாம் போருக்கு எதிரான நீண்ட பகுதி ஒன்று உண்டு. மூன்றாம் தட்டிலிருந்து ஒரு பாடலும் தொகுப்புக்கு வரவில்லை. முதல் தட்டில் காத் ஏறத்தாழ ஏழு நிமிடம் கிதாரை மட்டுமே அலறவிட்ட பதிவுக்கு இங்கே இடமிருந்திருக்கவே முடியாது. சைகான் வீழ்ந்தது 1975 ஏப்ரலில். தொகுப்பு வந்தது அதே ஆண்டு நவம்பரில். போரை மறக்க விரும்பிய நாட்டுக்குப் போரைப் பேசாத சிகாகோ கிடைத்தது. இதைத் திட்டமிட்ட மறைப்பு என்பதற்குச் சான்றில்லை. ஆனால் இத்தொகுப்பை மட்டும் கேட்டு வளர்ந்தவர், இக்குழு ஒருகாலத்தில் தெருவில் நின்றதை அறிய வழியில்லை. வெற்றியும் முழு அளவுகோலாக இருக்கவில்லை. 1975-இல் ஐந்தாம் இடம் பிடித்த ‘ஓல்ட் டேஸ்’ விடுபட்டது. பதினொன்றாம் இடத்தோடு நின்ற ‘விஷிங் யூ வேர் ஹியர்’ சேர்க்கப்பட்டது. முந்தைய எட்டாம் தட்டு அப்போதும் கடைகளில் புதிதாக விற்றுக்கொண்டிருந்ததே காரணம் என்று கருத இடமுண்டு.

1976 ஜனவரியில் இத்தொகுப்பை முதலிடத்திலிருந்து இறக்கியது ‘எர்த், விண்ட் அண்ட் ஃபயர்’ குழுவின் ‘கிராட்டிட்யூட்’. அதுவும் துளைக்கருவிகள் முழங்கும் குழு. அதன் நிறுவனர் மாரிஸ் வைட், சிகாகோ நகரின் செஸ் நிறுவனத்தில் தாளக் கலைஞராகத் தொழில் பழகியவர். இரண்டாண்டு கழித்து, 1978 ஜனவரியில், டெரி காத் துப்பாக்கி விபத்தில் இறந்தார். எண்பதுகளில் தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டரின் கீழ்க் குழு இன்னும் பெரிய விற்பனையைக் கண்டது. அப்போது துளைக்கருவிகள் மீண்டும் பக்கவாத்திய நிலைக்கே தள்ளப்பட்டன. விமர்சகர்கள் பலர் குழுவைக் கடைசிவரை பொருட்படுத்தவில்லை. 1994 முதல் தகுதி பெற்றிருந்தும் ‘ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ அவர்களை ஏற்றது 2016-இல்.

இந்த இருபத்திரண்டு ஆண்டுக் காத்திருப்பின்போதும் பாடல்களைச் சுமந்து சென்றவர்கள் விமர்சகர்கள் அல்லர். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அணிவகுப்பு இசைக்குழு என்பது நெடுங்கால வழக்கம். கால்பந்தாட்டத்தின் இடைவேளையில் திடலில் வாசிப்பவர்கள் அவர்கள். ஆண்டுதோறும் ட்ரம்பெட்டும் டிராம்போனும் கற்கும் மாணவர்களுக்கு ராக் இசையின் பெரும்பகுதியில் வாசிக்க எதுவும் இல்லை. கிதாருக்கென்று எழுதப்பட்ட பாடலைப் பித்தளைக்கு மாற்றினால் அது மாற்றாகவே ஒலிக்கும். ‘ட்வென்ட்டி ஃபைவ் ஆர் சிக்ஸ் டு ஃபோர்’ பாடலிலோ அவர்களின் கருவிக்குரிய வரி ஏற்கெனவே இருக்கிறது. டிபாலில் பயின்ற கலைஞர்கள் தங்கள் உதடுகளுக்கும் நுரையீரலுக்கும் ஏற்ப அமைத்தது அது. தாத்தா பாட்டி காலத்துப் பாடல் என்ற உணர்வே இன்றி, பதினைந்து வயதினர் அதை மனப்பாடம் செய்கின்றனர். திடலில் டிராம்போன்கள் பெரும்பாலும் முதல் வரிசையில் நிறுத்தப்படுகின்றன. சறுக்குக் குழாய் நீளும்போது முன்னே நிற்பவரின் முதுகில் இடிக்கக் கூடாது என்பதே அதற்குக் காரணம்.