கரண்ட்டின் இன்னொரு முகம்

"கரண்ட் எப்படிய்யா ஆளைக் கொல்லும்?"னு யார்கிட்ட கேட்டாலும் "ஷாக் அடிச்சுத்தான்"னு பதில் வரும். தப்பில்லை. ஆனா அது பாதி பதில். மீதிப் பாதியைக் கணக்குப் போட்டுக் காட்ட, மின்சாரத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்த ஆரம்பிச்ச மனுஷனுக்கு ஏறக்குறைய நூறு வருஷம் ஆச்சு. அந்தக் கதையைத்தான் இன்னிக்கு எழுதலாம்னு இருக்கேன்.

நான் நாலு வருஷம் எலெக்ட்ரிகல் படிச்சுட்டு, ஊர் வழக்கப்படி பொட்டி தட்ட வந்த கோஷ்டியைச் சேர்ந்தவன். இண்டக்‌ஷன் மோட்டாருக்கு ஈக்விவேலன்ட் சர்க்யூட் போட்டுப் போட்டே பேப்பர் பேப்பரா பாஸ் பண்ணியாச்சு. அந்த மோட்டாரை ஓட்டுற பேனலைத் திறந்து வேலை பார்க்கிறவர் சாயங்காலம் எப்படி முழுசா வீட்டுக்குப் போறார்ங்கிற கேள்வி மட்டும் எந்த செமஸ்டர்லயும் வரலை. பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க :-)

முதல்ல, எந்த மோட்டாரைப் பத்திப் பேசறோம்? மாவு மில்லுல ஓடுறது 415 வோல்ட். அனல் மின் நிலையத்துல பாய்லருக்குத் தண்ணி தள்ளுற பம்பு, சிமெண்ட் ஆலையோட அரவை மில், இதெல்லாம் வேற ஜாதி. 1,000 கிலோவாட் மோட்டார் ஒண்ணை 415 வோல்ட்ல ஓட்டினா சுமார் 1,700 ஆம்பியர் இழுக்கும். அதுக்குக் கேபிள் போட்டுக் கட்டுப்படியாகாது. அதே மோட்டாரை 6,600 வோல்ட்ல ஓட்டினா 110 ஆம்பியர் சொச்சம்தான். அதனாலதான் பெரிய மோட்டாருக்கெல்லாம் அமெரிக்காவுல 2,300, 4,160 வோல்ட், நம்ம ஊர்ல 3,300, 6,600, 11,000 வோல்ட்னு வெச்சிருக்காங்க. அங்க இதை மீடியம் வோல்டேஜ்னு சொல்றாங்க, நம்மாளுங்க எச்.டி. மோட்டார்னு சொல்லுவாங்க.

டெஸ்லா தன்னோட ஏ.சி. மோட்டாருக்குப் பேடன்ட் வாங்கினது 1888-ல. அந்தக் காலத்து சுவிட்ச்போர்டு படங்களைப் பார்த்திருக்கீங்களா? பெரிய மார்பிள் பலகை. அதுல மொட்டையா, மூடாத கத்தி சுவிட்சுகள். பின்னாடி மட்டுமில்லை, முன்னாடியும் கரண்ட். ஆபரேட்டர் நேரா நின்னு கைப்பிடியைப் பிடிச்சு இழுக்கணும். கை கொஞ்சம் தவறினா கதை முடிஞ்சது. இருபதாம் நூற்றாண்டு பிறந்த கொஞ்ச வருஷத்துலயே இங்கிலாந்துல ஹென்றி க்ளோதியர் மாதிரியான எஞ்சினியர்கள், சுவிட்சையும் பஸ்பாரையும் எர்த் பண்ணின இரும்புக் கூட்டுக்குள்ள அடைக்கிற வேலையை ஆரம்பிச்சாங்க. ஹெபர்ன் ஊர்ல ரெய்ரோல் கம்பெனி செஞ்ச 'கவச' சுவிட்ச்கியர் இப்படி வந்ததுதான். அடுத்த சில பத்தாண்டுகள்ல மோட்டார் கன்ட்ரோலும் இரும்பு அலமாரிக்குள்ள போயிடுச்சு.

இதெல்லாம் எதுக்கு? ஷாக் அடிக்கக்கூடாதுன்னு. விஞ்ஞானமும் அந்தப் பக்கமே போச்சு. கலிஃபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், 1940-கள்ல தன்னார்வலர்களைக் கம்பியைப் பிடிக்க வெச்சு, எவ்வளவு கரண்ட் வரைக்கும் ஒருத்தரால தானா கையை விட முடியும்னு அளந்து பார்த்தார். 60 சைக்கிள் ஏ.சி.யில ஆண்களுக்குச் சராசரி 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லிஆம்பியர். இப்ப நம்ம வீட்டு டி.பி. பாக்ஸுல இருக்கிற லீக்கேஜ் பிரேக்கர் எத்தனை மில்லிஆம்பியர்ல விழணும்ங்கிற யோசனைக்கெல்லாம் இந்த மாதிரி வேலைதான் அஸ்திவாரம்.

சரி, ஷாக் பிரச்சினை புரிஞ்சுது, பெட்டியும் கட்டியாச்சு. அப்புறமும் எலெக்ட்ரீஷியன்கள் செத்துக்கிட்டே இருந்தாங்க. அதுவும் கம்பியையே தொடாம!

விஷயம் இதுதான். ரெண்டு பேஸுக்கு நடுவுல ஒரு ஸ்பேனர் விழுது. இல்லை, ஒரு எலி ஓடுது. இல்லை, தூசியும் ஈரமும் சேர்ந்து இன்சுலேட்டர் மேல பாதை போட்டுக்குது. காத்து வழியா கரண்ட் பாய ஆரம்பிச்சா அது மின்வில், அதாவது ஆர்க். அதோட நுனிகள்ல வெப்பம் 20,000 கெல்வின் வரைக்கும் போகலாம். சூரியனோட மேற்பரப்பே 5,800 கெல்வின்தான். அந்தச் சூட்டுல செம்பு உருகறதோட நிக்காது, ஆவியாயிடும். தண்ணி ஆவியானா 1,670 மடங்கு விரியும். செம்பு ஆவியானா 67,000 மடங்கு! மூடின பெட்டிக்குள்ள இது நடந்தா அதுக்குப் பேரு குண்டு. இதுல ஒரு கொடுமை, ஷாக்குக்குப் பயந்து கட்டின அந்த இரும்புப் பெட்டியே, கதவு திறந்திருக்கும்போது வெப்பத்தை எல்லாம் ஒரே திசையில, வேலை பார்க்கிறவர் முகத்துக்கு நேரா, திருப்பி விடுது.

தளத்துல வேலை பார்த்தவங்களுக்கு இது தெரியாததா? நல்லாவே தெரியும். புருவம் கருகினவங்க எல்லா ஆலையிலயும் இருந்தாங்க. ஆனா 'தொழில்னா அப்படித்தான்', 'ஜாக்கிரதையா இருந்திருக்கணும்'னு பேச்சு அதோட முடிஞ்சிடும். எவ்வளவு தூரத்துல நின்னா எவ்வளவு வேகும்னு யாரும் எழுதி வைக்கலை.

எழுதி வெச்சவர் ரால்ஃப் லீ. டூபாண்ட் கம்பெனியில இருந்த எலெக்ட்ரிகல் எஞ்சினியர். 1982-ல ஐ.இ.இ.இ. சஞ்சிகையில அவரோட கட்டுரை வந்துச்சு. தலைப்பையே தமிழ்ல சொன்னா, 'மின்சாரத்தின் இன்னொரு ஆபத்து' அப்படின்னு வரும். 'இன்னொரு'ங்கிற அந்த ஒத்தை வார்த்தையிலதான் மொத்த விஷயமும் இருக்கு. ஆர்க்கோட பவரை எடுத்துக்கிட்டு, அது எல்லாப் பக்கமும் கதிரா வெளிய போகுதுன்னு வெச்சு, இத்தனை தூரத்துல நிக்கிற தோல் இவ்வளவு சூடாகும்னு கணக்குப் போட்டார். தோலோட சூடு 96 டிகிரி செல்சியஸுக்குப் போய் பத்துல ஒரு பங்கு செகண்ட் இருந்தாப் போதும், அந்தத் தோல் பிழைக்காது. பல அடி தள்ளி நிக்கிறவரே சாகலாம், பத்து அடி தள்ளி நிக்கிறவருக்கும் மோசமான தீக்காயம் சகஜம்னு எழுதினார். 1987-ல அந்த வெடிப்போட அழுத்தத்தைப் பத்தித் தனியா இன்னொரு கட்டுரையும் எழுதினார்.

இன்னொருத்தரையும் இங்க சொல்லியே ஆகணும். ஆலிஸ் ஸ்டோல். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்துல 1950-கள்ல இருந்து தீக்காயத்தை ஆராய்ஞ்சவங்க. விமானத்துல தீப்பிடிச்சா பைலட்டோட உடுப்பு எவ்வளவு தாங்கணும்ங்கிறதுதான் அவங்க கவலை. அவங்க ஆராய்ச்சி வழியா வந்த எண்தான், சதுர செ.மீ.க்கு 1.2 கலோரி. அதுக்கு மேல போனா ரெண்டாம் நிலைத் தீக்காயம் ஆரம்பம். விமானிக்காகக் கண்டுபிடிச்ச அந்த எண்தான் பிற்பாடு எலெக்ட்ரீஷியனுக்கு எல்லைக்கோடு ஆச்சு.

லீயோட கட்டுரை வந்த மறுநாளே உலகம் திருந்திடுச்சான்னா, அதான் இல்லை. அமெரிக்காவுல என்.எஃப்.பி.ஏ. 70இ-ங்கிற பாதுகாப்புத் தரநூல் 1979-லேயே வந்தாச்சு. ஆனா ஆர்க்குக்கு இவ்வளவு தூரம் தள்ளி நில்லுங்கிற எல்லை அதுல நுழைஞ்சது 1995-ல. என்ன உடுப்பு போடணும்ங்கிற அட்டவணை 2000-ல. கணக்குப் போடுறதுக்கான ஐ.இ.இ.இ. 1584 வழிகாட்டி 2002-ல. எண்ணிப் பாருங்க, கட்டுரைக்கும் வழிகாட்டிக்கும் நடுவுல 20 வருஷம்.

நடுவுல 1989-ல அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையான ஓஷா ஒரு விதி கொண்டு வந்துச்சு: லாக்அவுட்-டேக்அவுட். வேலை பார்க்கப் போறவர் சுவிட்சை ஆஃப் பண்ணி, தன்னோட சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னோட பையில வெச்சுக்கணும். நாலு பேர் வேலை பார்த்தா நாலு பூட்டு. பூட்டைப் போட்டவர்தான் திறக்கணும். நம்ம ஈ.பி. ஆளுங்க வாங்குற 'எல்.சி.' இதுக்கு அண்ணன் முறை. ஆனா எல்.சி. ஒரு காகிதம், ஒரு வாக்குறுதி. பூட்டு இரும்பு. பொட்டி தட்டுற மக்களுக்குச் சொல்லணும்னா, இது மியூடெக்ஸ். லாக் எடுத்த த்ரெட்தான் விடணும். நாம அதை மீறினா புரோகிராம் தொங்கும், அங்க மீறினா ஆள் போயிடுவார்.

பூட்டு மட்டும் போதுமான்னா, மோட்டார் பேனல் விஷயத்துல போதாது. உள்ள என்ன இருக்குன்னு பார்த்தா ஏன்னு புரியும். மேல பஸ்பார். அதுக்குக் கீழ ஐசொலேட்டர், அடுத்து ஃபியூஸ், அடுத்து மோட்டாரை ஆன்-ஆஃப் பண்ற கான்டாக்டர். கான்டாக்டர் விழாம ஐசொலேட்டரை இழுக்க முடியாது, ஐசொலேட்டர் திறக்காம கதவு திறக்காது. இப்படி இன்டர்லாக் போட்டிருப்பாங்க. இதுல நாலு பொறி இருக்கு.

ஒண்ணு, ஐசொலேட்டர் திறந்திருந்தாலும் அதோட மேல் முனையில முழு வோல்டேஜ் இருந்துக்கிட்டே இருக்கும், ஒரு தடுப்புப் பலகைக்குப் பின்னாடி.

ரெண்டு, கான்டாக்டர். பழசெல்லாம் காத்துல ஆர்க்கை அணைக்கிற ரகம், பெரிய ஆர்க் ஷூட்டோட (பலதுல கல்நார் வேற). இப்ப வேக்குவம் பாட்டில். கலிஃபோர்னியாவுல ராயல் சோரென்சன் 1926-லேயே சோதிச்ச யோசனைதான் இது, வெற்றிடத்தை வருஷக்கணக்கா தாங்குற பாட்டில் செய்யத் தெரிஞ்சப்புறம்தான் ஆலைக்கு வந்துச்சு. அருமையான பொருள். ஆனா உள்ள இடைவெளி சில மில்லிமீட்டர்தான், வெற்றிடம் போயிருந்தா கண்ணுக்குத் தெரியாது. அதனால கான்டாக்டர் ஆஃப்ல இருக்குன்னு நம்பிக் கை வைக்கக்கூடாது. கண்ணால பார்க்கக்கூடிய ஐசொலேட்டர் கத்திதான் சாட்சி.

மூணு, கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர். 6,600-ஐ 110 ஆக்கிக் கொடுக்கிற அந்தச் சாதுவுக்குத் திசை கிடையாது. ரிப்பேர் பார்க்கும்போது கான்டாக்டரை டெஸ்ட் பண்றதுக்காக வெளியில இருந்து 110 வோல்ட் கொடுப்பாங்க. தடுப்பு ஏதும் இல்லைன்னா, அது மறுபக்கம் 6,600 ஆகிப் பேனலுக்குள்ள நிக்கும். செத்த பேனல் உயிரோட எழுந்து உட்கார்ந்துடும்! டெஸ்ட் பிளக்குக்கும் ஒரு இன்டர்லாக் வெச்சது அதுக்காகத்தான்.

நாலு, பவர் ஃபேக்டருக்காக வெச்ச கபாசிட்டர். மெயின் போனப்புறமும் அதுல சார்ஜ் தங்கியிருக்கும்.

அதனாலதான் வரிசை இப்படி ஆச்சு: நிறுத்து, ஐசொலேட்டரைத் திற, கத்தி பிரிஞ்சிருக்கான்னு கண்ணால பார், பூட்டு, வோல்டேஜ் இல்லைன்னு சோதி, எர்த் பண்ணு, அப்புறம்தான் தொடு. சோதிக்கிறதுலயும் ஒரு மரபு இருக்கு. டெஸ்டரை முதல்ல உயிருள்ள இடத்துல வெச்சுப் பார்க்கணும், அப்புறம் பேனல்ல, மறுபடி உயிருள்ள இடத்துல. நடுவுல டெஸ்டரே செத்துப் போயிருந்தா 'வோல்டேஜ் இல்லை'னுதானே காட்டும்? 600 வோல்ட் மல்டிமீட்டரை 6,600-ல வெச்சா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம். இந்த வரிசையில ஒவ்வொரு வரியும் யாரோ ஒருத்தர் திரும்பி வராததால எழுதினதுன்னுதான் எனக்குத் தோணுது.

இப்ப என் மனசுல உறுத்துற இடத்துக்கு வர்றேன். ஆபத்து புதுசில்லை, எண்தான் புதுசு. தளத்து ஆள் "சார், பயமா இருக்கு"ன்னு சொன்னப்ப அது பயந்தாங்கொள்ளித்தனம். லீ எண்ணாச் சொன்னப்புறம் அது எஞ்சினியரிங். பேனல் கதவுல 'இங்க இத்தனை கலோரி'ன்னு லேபிள் ஒட்டினப்புறம் மேனேஜரால "சும்மா திறந்து பாருப்பா"ன்னு சொல்ல முடியலை. எண்ணுக்கு அந்த மரியாதை உண்டு.

அதே எண்ணுக்கு இன்னொரு குணமும் இருக்கு. 'எட்டு கலோரிதானே, எட்டு கலோரி உடுப்பு போட்டாச்சு, கரண்ட்லயே வேலை பார்க்கலாம்'ங்கிற தைரியமும் அதோட சேர்ந்து வந்துச்சு. உடுப்பு கடைசி அரண், கரண்ட்டை நிறுத்துறதுதான் முதல் அரண்னு தரநூல் தலைப்பாடா அடிச்சுக்குது.

போதாக்குறைக்கு, எண்ணே முழு உண்மை இல்லை. 2002 கணக்கு சுமார் 300 சோதனைகளை வெச்சுப் போட்டது, பெரும்பாலும் பெட்டிக்குள்ள செங்குத்தா நிக்கிற கம்பிகள். நிஜப் பேனல்ல சில இடத்துல பஸ்பார் முனை கதவைப் பார்த்துப் படுத்திருக்கும். அங்க ஆர்க் ஆளை நோக்கியே பாயும், வெப்பம் அதிகம். 1,800-க்கும் மேற்பட்ட சோதனை பண்ணி, கம்பி அமைப்பை அஞ்சு வகையாப் பிரிச்சு, 2018-ல கணக்கையே திருப்பி எழுதினாங்க. அதாவது 16 வருஷம் சில கதவுகள்ல ஒட்டியிருந்த எண் குறைச்சலானது. நம்ம பாஷையில சொன்னா டெஸ்ட் கவரேஜ் பத்தலை. எல்லா டெஸ்டும் பாஸ், பச்சை விளக்கு எரியுது, பக் மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருக்கு.

எண் இல்லாம யாரும் கேட்க மாட்டேங்கிறாங்க. எண் வந்ததும் யோசிக்கிறதை நிறுத்திடறாங்க. இதுக்கு நடுவுலதான் பேனலைத் திறக்கிறவர் நிக்கிறார். அவர் பையில இருக்கிற அந்த ஒத்தைச் சாவிதான் இதுவரைக்கும் நாம கண்டுபிடிச்சதிலேயே நேர்மையான பாதுகாப்புன்னு நான் நினைக்கிறேன். அதுல மாடலும் இல்லை, அனுமானமும் இல்லை.

பிளான்ட்ல, சப்ஸ்டேஷன்ல இருக்கிற மக்கள் யாராவது படிச்சா உங்க தளத்துல இந்த வரிசையை நிஜமாவே எப்படிச் செய்யறாங்க, எந்தப் படியை அவசரத்துல தாண்டறாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. படிச்சவன் நான், செய்யறவங்க நீங்க.