150 பேருக்கு மட்டும்: அந்த எண்ணைப் போட்டது யார்?

2025 மே மாதம் முதல் வாரம் சாத்தூரில் இருந்தேன். கோடை விடுமுறை, மாமனார் வீடு, சாயங்காலம் காராச்சேவும் காபியும். சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் நடத்தும் மச்சினன் பைக்கை நிறுத்தினதும் நிறுத்தாததுமாக ஃபோனை நீட்டினான்.

"அத்தான், கோல்ஃப் ஜிடிஐ வருது. இந்தியாவுக்கே மொத்தம் 150தான். புக் பண்ணட்டுமா?"

விலை என்ன என்றேன். இன்னும் சொல்லவில்லையாம், ஐம்பது லட்சத்தைத் தாண்டும் என்று பேச்சாம். அதே பணத்துக்குப் பழைய நாலு கலர் மெஷின் ஒன்றையும் அவன் பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். "ரெண்டு நாள் டைம் குடு மாப்ள" என்றேன். கார் விஷயத்தில் நானும் கொஞ்சம் பைத்தியம்தான். அதனால் என் ஆசையை ஓரமாக வைத்துவிட்டு வரலாற்றைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அந்த இரண்டு நாள் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

இவ்வளவுதான் செய்வோம் என்று எண் போட்டு கார் விற்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? அதில் பெரும்பங்கு பந்தயத்திலிருந்து வந்தது. ஒரு குறிப்பிட்ட பந்தயப் பிரிவில் ஓட வேண்டுமானால், அந்த காரைச் சாதாரண ஜனங்களுக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் செய்து விற்றிருக்க வேண்டும் என்பது விதி. இந்தத் தகுதிச் சான்றுக்கு ஹோமோலோகேஷன் என்று பெயர். ஃபெராரி 250 ஜிடிஓ என்ற பெயரில் கடைசியில் நிற்கும் 'ஓ', இத்தாலிய மொழியில் அதே சொல்தான். 1962-ல் அந்த கார் வந்தபோது விதி கேட்டது 100. ஃபெராரி 1964 வரை செய்தது 36. "இது புது கார் இல்லை, எங்கள் பழைய 250 மாடலின் இன்னொரு வடிவம்" என்று வாதாடிச் சான்று வாங்கிவிட்டார்கள்.

அந்த 36-ல் ஒன்று 2018-ல் கலிஃபோர்னியாவில் 4.84 கோடி டாலருக்கு ஏலம் போனது. கதையை இங்கேயே நிறுத்தினால் மச்சினனுக்கு உடனே புக் பண்ணு என்று சொல்லியிருப்பேன். ஆனால் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. 1960-களின் கடைசியில் இதே கார்கள் புதிதாக விற்ற விலையைவிடக் குறைவாகக் கைமாறின. பந்தயத்தில் அடுத்த மாடல் வந்துவிட்டது, இது பழைய வண்டி, அவ்வளவுதான். மிக அபூர்வமான காருக்கே பல வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது உதாரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 வந்தது. விதி கேட்டது 500 கார். விற்குமா என்று கம்பெனிக்குள்ளேயே சந்தேகம். நவம்பர் கடைசிக்குள் 500-ம் தீர்ந்தது. கடைசியில் 1,580 செய்தார்கள். முதல் 500-ல் வாங்கினவர் "எனக்குச் சொன்ன எண்ணைவிட மூணு மடங்கு செஞ்சிட்டீங்களே" என்று கேட்டிருக்கலாம். ஆனாலும் அந்த காரின் மதிப்பு குறையவில்லை. காரணம், வித்தியாசம் ஸ்டிக்கரில் இல்லை, இரும்பில் இருந்தது. சாதாரண 911 எஸ் காரில் 190 குதிரைத்திறன், இதில் 210. தகடு மெலிது, பின்னால் வாத்து வால் மாதிரி ஒரு ஸ்பாய்லர். 700 மார்க் கூடுதலாகக் கொடுத்தால் பின் சீட்டு, கடிகாரம், கை வைக்கும் திண்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இன்னும் எடை குறைத்துத் தருவார்கள். பணம் கொடுத்துப் பொருளைக் குறைத்துக்கொண்டவர்கள் 200 பேர். இன்று மற்ற ஆர்எஸ் கார்களைவிட அந்த 200-க்குத்தான் விலை நன்றாக ஏறி நிற்கிறது.

இந்த இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். விதி போட்ட எண் ஒரு குறைந்தபட்சம். இத்தனையாவது செய் என்றது. அதற்கு மேல் செய்யத் தடையில்லை.

இந்தியாவுக்கு வந்தால் அதே ஹோமோலோகேஷன் என்ற சொல் தலைகீழாகிறது.

வெளிநாட்டில் செய்த காரை இங்கே விற்க வேண்டுமானால் நம் ஊர் சோதனைகளில் தேறிச் சான்று வாங்க வேண்டும். அதற்கு நாளும் ஆகும், பணமும் ஆகும். 2018 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு தளர்வு கொடுத்தது. ஐரோப்பா, ஜப்பான் போன்ற இடங்களின் தரத்தில் தேறிய வண்டியை, வருஷத்துக்கு 2,500 வரை இங்கே மறுபடி சோதிக்காமல் கொண்டுவரலாம். ஒரு கம்பெனி அந்த 2,500-ஐத் தன் பல மாடல்களுக்குப் பங்கு போட்டுக்கொள்கிறது. இதற்கு 100, அதற்கு 150 என்று. இங்கே எண் ஓர் அதிகபட்சம். இத்தனைக்கு மேல் கொண்டுவராதே என்கிறது. காருக்குள் அதனால் எதுவும் மாறுவதில்லை. ஜெர்மனியில் அதே கார் ஷோரூமில் சாதாரணமாக நிற்கும்.

கூடுதல் விலை எங்கே போகிறது என்பதற்கு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் நல்ல சாட்சி. 2017-ல் ஔரங்காபாத்தில் பூட்டி விற்றபோது 230 குதிரைத்திறன் காரின் அறிமுக விலை 24.62 லட்சம். 2020-ல் முழு காராக இறக்குமதி செய்து, 200 பேருக்கு மட்டும் என்று விற்றபோது 245 குதிரைத்திறன், 35.99 லட்சம். பதினைந்து குதிரைக்குப் பதினொரு லட்சத்துக்கும் மேலே! கூடுதல் சாமான்கள் கொஞ்சம் உண்டுதான். ஆனால் பெரிய பங்கு வரி. முழுதாகச் செய்து இறங்கும் காருக்கு அப்போது 60 முதல் 100 சதவீதம் வரை சுங்கவரி, அதற்கு மேல் ஜிஎஸ்டியும் செஸ்ஸும்.

இன்னொரு கசப்பான பாடம் போலோ ஜிடிஐ. 2016 நவம்பரில் வந்தது. 99 கார், 25.99 லட்சம், 192 குதிரைத்திறன், மூன்று கதவு. நம் ஊரில் செய்த போலோ ஜிடி அப்போது சுமார் 9 லட்சம். அந்த 99-ம் சட்டென்று விற்கவில்லை. ஒரு வருஷத்துக்குள் விலையை 19.99 லட்சமாக்கினார்கள். முதலில் வாங்கியவருக்கு ஆறு லட்சம் அப்படியே போச்சு. எண்ணிக்கை குறைவாக இருந்தால் மட்டும் விலை நிற்காது, கேட்பவர் அதைவிட அதிகம் இருக்க வேண்டும்.

மூன்றாவது வகை, கம்பெனி தானாகப் போடும் எண். இதற்கு உதாரணம் நம்ம சென்னை ராயல் என்ஃபீல்டிலேயே இருக்கிறது. கார் இல்லை, பைக். 2018-ல் வந்த கிளாசிக் 500 பெகாசஸ், உலகத்துக்கு 1,000, இந்தியாவுக்கு 250. இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படையோடு விமானத்திலிருந்து இறக்கிய 'ஃப்ளையிங் ஃப்ளீ' என்ற 125 சிசி வண்டியின் நினைவாக வந்தது. டேங்கில் வரிசை எண், கான்வாஸ் பை, தோல் பட்டை. எஞ்சின் சாதாரண கிளாசிக் 500-ல் இருக்கிற அதே 499 சிசிதான். வெளிநாட்டில் பச்சை, பழுப்பு என்று இரண்டு நிறம். ராணுவப் பச்சையைத் தனியார் வண்டிக்கு அடிக்க இங்கே அனுமதி இல்லாததால் நமக்குப் பழுப்பு மட்டும். ஜூலையில் 250-ம் 178 வினாடியில் தீர்ந்தது. அடுத்த மாதமே அதே கம்பெனியின் விலை குறைந்த 350 சிசி 'சிக்னல்ஸ்' ஏபிஎஸ் பிரேக்கோடு வந்தது. பெகாசஸில் ஏபிஎஸ் இல்லை. வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். கதை நிஜம், வரிசை எண் நிஜம், ஆனால் பிரேக் பழசு.

ஆக, எண்ணைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி, இதைப் போட்டது யார் என்பது. பந்தய விதி போட்டிருந்தால் காரே வேறாக இருக்கும். இறக்குமதி விதி போட்டிருந்தால் நீங்கள் கொடுப்பது பெரும்பாலும் வரி. கம்பெனி தானாகப் போட்டிருந்தால் அது கதைக்கும் பெயின்ட்டுக்கும் உள்ள விலை.

இதையெல்லாம் மச்சினனிடம் சொன்னேன். நம்ம ஊர்க் கணக்கையும் சேர்த்தேன். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதம். ஐம்பது லட்சம் என்றால் அதிலேயே பத்து லட்சம். விற்கும்போது அந்தப் பத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். இங்கேயே செய்யும் 150 குதிரைத்திறன் விர்ட்டஸ் 20 லட்சத்துக்குள் கிடைக்கிறது.

பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான், "எல்லாம் சரி அத்தான். ஆனா நீங்க சொன்னது பூரா விக்கிறவன் கணக்கு. நான் விக்கவா வாங்குறேன்?"

எனக்குப் பதில் வரவில்லை. அவன் சொன்னதும் சரிதான். விற்காதவனுக்கு 150 என்ற எண்ணால் ஒரு பைசா லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அவனுக்கு வேண்டியது அந்த 265 குதிரைத்திறன் எஞ்சின்தான். அது ஐம்பதாயிரம் பேரிடம் இருந்தாலும் அதே ஓட்டம்தான். அப்படியானால் எண்ணை மறந்துவிட்டுக் கேள்வியை மாற்ற வேண்டும். "எண்ணிக்கைக் கட்டுப்பாடே இல்லாம, எப்ப வேணா கிடைக்கும்னு சொன்னா, இந்த விலைக்கு நாளைக்கே போய் வாங்குவியா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சேவைக் கொறித்துக்கொண்டிருந்தான். "நாளைக்கே வாங்க மாட்டேன். மெஷின் போட்டு ரெண்டு சீசன் ஓட்டிட்டு வாங்குவேன்."

அவன் அவசரத்துக்குக் காரணம் அந்த 150 மட்டும்தான் என்று அவன் வாயாலேயே வந்துவிட்டது. மே 26-ம் தேதி விலையை அறிவித்தார்கள், 53 லட்சம். அதற்கு முன்னாலேயே, விலை என்னவென்று தெரியாமலே, 150-ம் புக் ஆகியிருந்தது. மச்சினன் அந்தப் பட்டியலில் இல்லை. நாலு கலர் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். ஆனால் ஃபோனின் முகப்புப் படம் இன்னும் சிவப்பு ஜிடிஐதான். ரெண்டு சீசன் கழித்து மறுபடி கேட்பான். அப்போது இந்தப் பதிவை அவனுக்கு அனுப்பப் போவதில்லை. மதுரைக்குக் கூட்டிப்போய் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொல்லப்போகிறேன். பக்கத்து சீட்டில் நானும் இருப்பேன்.