தோப்பும் புதரும்

கா, பொழில், சோலை, தண்டலை, பொதும்பர் என்று நிகண்டுகள் ஒருபொருட்பன்மொழியாக அடுக்குகின்றன. செய்யுள் கட்ட வசதிதான். அந்த இடங்களில் யார் புழங்கினார்கள் என்பது அடுக்கில் தொலைந்துபோகிறது.

செங்கல்பட்டில் வருவாய்த்துறை ஏட்டில் ஏறிய சொல் தோப்பு. பட்டாத் தோப்பு, தோப்புப் புறம்போக்கு. நட்டவர் உண்டு, தீர்வை உண்டு. வெள்ளைக்காரன் அதை 'டோப்' என்று தன் ஆங்கிலத்துக்கே எடுத்துக்கொண்டான். புதருக்கு அந்த மரியாதை கிடைக்கல. அது 'ஜங்கிள்' ஆனது. (வடமொழி ஜாங்கலம் மரம் அருகிய வறண்ட வெளி. அடர்காடு என்ற அர்த்தம் பின்னால் ஏறியது.)

காரையும் களாவும் சூரையும் பின்னிக்கிடக்கும் அந்தப் புதர்தான் இருளருக்குப் பிழைப்பு: கிழங்கு, தேன், மூலிகை, பாம்பு. 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்துக்குப் பின் இதில் ஒரு பகுதி 'காப்புக்காடு' ஆயிற்று. 'கா' என்பதில் சோலையும் இருக்கிறது, காவலும் இருக்கிறது. சட்டம் காவலை மட்டும் எடுத்துக்கொண்டது. மாமல்லபுரக் கரை மணலில் விறகுக்காகச் சவுக்கு ஏறியது. அதை யாரும் புதர் என்பதில்லை, தோப்புன்னுதான் சொல்றாங்க.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோடு பாம்புத்தோல் வியாபாரம் முடங்கியது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, பின்னர் வடநெம்மேலியில் விஷம் எடுத்து விற்கத் தொடங்கியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் அரசு உரிமம் உண்டு. அவை ஒடுங்கும் புதர்? ஏட்டில் தரிசு, கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் மனை. அதை வெட்டி எரிப்பதற்குப் பெயர் 'சுத்தம் பண்றது'. மரம் நடக் கிளம்பும் நம் தோழர்கள் வாயிலும் இதே சொல்தான். குழி தோண்டுறதுக்கு முன்னால அங்க என்ன வெட்டினீங்கன்னு அவங்களைக் கேட்கணும் எனக்கு.