சிறை எழுத்தாளர் வழிகாட்டல்

சிறை எழுத்தாளர் வழிகாட்டல் என்பது, சிறைத் தண்டனை அனுபவித்து வரும் ஒருவர் எழுதும் கவிதை, கதை, கட்டுரை, நாடகம் முதலியவற்றை வெளியிலுள்ள ஒருவர் படித்து, அவற்றைப் பற்றிய தம் கருத்தை எழுத்தாளருக்குத் தெரிவிக்கும் பணியாகும். இது அஞ்சல் மூலமாகவோ சிறைக்குள் நடைபெறும் பயிலரங்கு மூலமாகவோ நடைபெறும். பெரும்பாலும் ஊதியமில்லாத தன்னார்வப் பணியாகவே செய்யப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவிலும் ஐக்கிய இராச்சியத்திலும் இதற்கென நிலையான அமைப்புகள் உள்ளன. இக்கட்டுரை பெரிதும் அமெரிக்க அனுபவத்தை ஒட்டியது.

இதனைச் சிறை இலக்கியம் என்ற பரந்த துறையுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. நேரு அகமது நகர்க் கோட்டையில் நூல் எழுதியபோது அவருக்கு வெளியில் வாசகர்கள் ஏற்கனவே காத்திருந்தனர். குற்றவியல் தண்டனை பெற்ற சாதாரணக் கைதி ஒருவருக்கு அத்தகைய வாசகர் எவரும் இல்லை. அவர் எழுதியதை முதன்முதலாகப் படிப்பவர் பெரும்பாலும் கடிதத் தணிக்கை செய்யும் சிறை அலுவலரே. இரண்டாவது வாசகரை ஏற்படுத்தித் தருவதே இப்பணியின் நோக்கம் எனலாம்.

தோற்றம்

அமைப்புகள் உருவாவதற்கு முன்பே தனிமனிதர்கள் சிலர் இப்பணியைச் செய்துள்ளனர். கொரியப் போர்க்காலத்தில் இராணுவத்தில் பணியாற்றிய எத்தரிட்ஜ் நைட், போதைப்பொருள் பழக்கத்துக்கு அடிமையாகி, 1960 இல் வழிப்பறிக் குற்றத்துக்காகக் கைதானார். இண்டியானா மாநிலச் சிறையில் இருந்தபோது கவிதை எழுதலானார். புலிட்சர் பரிசு பெற்ற கவிஞரான குவெண்டலின் புரூக்ஸ் சிறைக்கே சென்று அவரைச் சந்தித்து ஊக்கப்படுத்தினார். டெட்ராய்ட் நகரில் சிறு பதிப்பகம் ஒன்றை நடத்தி வந்த கவிஞர் டட்லி ராண்டல், 1968 இல் நைட்டின் கவிதைகளை நூலாக வெளியிட்டார். அந்நூலுக்கு முன்னுரை எழுதியவரும் புரூக்சே. நைட் அதே ஆண்டில் விடுதலையாகி, பின்னாளில் அமெரிக்காவின் முக்கியக் கருப்பினக் கவிஞர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டார்.

பொதுமக்களின் கவனம் சிறைகளின் மேல் திரும்பியதற்கு அட்டிக்கா கிளர்ச்சி முக்கியக் காரணமாகும். நியூயார்க் மாநிலத்தின் அட்டிக்கா சிறையில் 1971 செப்டம்பர் 9 அன்று கைதிகள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுடைய கோரிக்கைகளில் மருத்துவம், உணவு ஆகியவற்றுடன் கல்வியும் வாசிப்புச் சுதந்திரமும் இடம்பெற்றிருந்தன. செப்டம்பர் 13 அன்று காவல்துறையினர் துப்பாக்கிச் சூடு நடத்திச் சிறையை மீட்டனர். இந்நிகழ்வில் மொத்தம் 43 பேர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டே பஃபலோ நகர ஆசிரியரான செலஸ் டிஸ்டேல் அட்டிக்காவுக்குள் சென்று கவிதைப் பயிலரங்கு நடத்தத் தொடங்கினார். அதில் பங்கேற்ற கைதிகளின் கவிதைகள் 1974 இல் தொகுப்பாக வெளிவந்தன. அதை வெளியிட்டதும் நைட்டின் நூலை வெளியிட்ட அதே டெட்ராய்ட் பதிப்பகம் என்பது குறிப்பிடத்தக்கது.

பன்னாட்டு எழுத்தாளர் அமைப்பான பென் கழகத்தின் அமெரிக்கக் கிளையும் 1971 இல் சிறை எழுத்துத் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுதோறும் கைதிகளுக்கான எழுத்துப் போட்டி, எழுத விரும்பும் கைதிகளுக்கு இலவசக் கையேடு, வழிகாட்டி எழுத்தாளர்களுடன் கடிதத் தொடர்பு ஆகியன இத்திட்டத்தின் பகுதிகளாயின. போட்டியில் பரிசு பெற்ற படைப்புகளின் தேர்ந்த தொகுப்பை பெல் கேல் செவிக்னி 1999 இல் வெளியிட்டார். பழைய கையேட்டின் இடத்தில் 2022 இல் விரிவான புதிய நூலொன்று வெளியிடப்பட்டது.

ஐக்கிய இராச்சியத்தில் இதற்கு இணையானது 1962 இல் எழுத்தாளர் ஆர்தர் கோஸ்ட்லர் நிறுவிய விருதாகும். கோஸ்ட்லர் 1937 இல் எசுப்பானியாவில் பிராங்கோ படையினரால் சிறைபிடிக்கப்பட்டு மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்தவர். 1940 இல் இலண்டன் பெண்டன்வில் சிறையிலும் சில வாரங்கள் இருந்தவர். அவ்விருதுக்குப் படைப்பு அனுப்புவோர் பரிசு பெறாவிட்டாலும் எழுத்துமூலக் கருத்துரை பெறுவதற்கு வழி உள்ளது. பரிசுத் தொகையைவிட இக்கருத்துரையே பெரிது என எண்ணுவோர் உண்டு.

அஞ்சல்வழி நடைமுறை

அஞ்சல்வழித் திட்டங்களில் கைதியின் கையெழுத்துப் படி முதலில் அமைப்பின் அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து தன்னார்வலருக்கு அனுப்பப்படும். தன்னார்வலரின் பதிலும் பொதுவாக அலுவலக முகவரியிலிருந்தே செல்லும். இருவருக்கும் பாதுகாப்பு என்ற அளவில் இவ்விதி ஏற்பட்டது. பணம் அனுப்புதல், வழக்கு தொடர்பான ஆலோசனை கூறுதல், நூல் வெளியிட்டுத் தருவதாக வாக்களித்தல் ஆகியவற்றைத் தவிர்க்கும்படி தன்னார்வலர்கள் அறிவுறுத்தப்படுவது வழக்கம்.

இந்நடைமுறை மிக மெதுவானது. ஒரு கடிதம் போய்ப் பதில் வருவதற்குப் பல வாரங்கள் ஆகலாம். கைதி வேறு சிறைக்கு மாற்றப்பட்டால் கடிதம் திரும்பி வந்துவிடும். தாளும் அஞ்சல் தலையும் கைதி தன் சிறு வருமானத்திலிருந்து சிறைக் கடையில் வாங்க வேண்டியவை. சிறை வேலைக்குப் பல மாநிலங்களில் மணிக்குச் சில சென்ட்டுகளே கூலி. சில மாநிலங்களில் அதுவும் இல்லை. எனவே இருபது பக்கக் கதையைத் திருத்தி மீண்டும் எழுதி அனுப்புமாறு கூறுவது வெளியிலிருப்பவர் நினைப்பதுபோல் எளிய யோசனை அன்று. நகலெடுக்கும் வசதி இல்லாதவர் தம்மிடமுள்ள ஒரே படியை அனுப்பிவிட்டுக் காத்திருப்பதும் உண்டு. அனுபவமுள்ள வழிகாட்டிகள் தாம் குறிப்பிடும் வரிகளைக் கடிதத்திலேயே எடுத்தெழுதிவிடுவர். மூலப் படி கையில் இல்லாதவருக்கும் அப்போதுதான் எது எதைப் பற்றிய கருத்து என விளங்கும்.

நேர்மையான கருத்துரை

இப்பணியில் மிகுந்த விவாதத்துக்குரியது பாராட்டின் அளவாகும். புதிதாக வரும் தன்னார்வலர் இரக்கத்தின் காரணமாக எல்லாவற்றையும் நன்றாக உள்ளது என எழுதிவிடுவது இயல்பு. அதில் தீங்கென்ன என்று தோன்றலாம். ஆனால் சிறையிலிருப்பவருக்கு அந்த ஒரு கடிதத்தைத் தவிர ஒப்பிட்டுப் பார்க்க வேறு கருத்து எதுவும் இல்லை. பொய்ப் பாராட்டை நம்பி அவர் இதழ்களுக்கு அனுப்பும் படைப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பும்போது, ஏன் என்று கூறுவதற்கும் ஆளில்லை. மேலும், ஏமாற்றுப் பேச்சைச் சூழலிலேயே கேட்டுப் பழகியவர்கள் இத்தகைய பாராட்டை விரைவில் இனங்கண்டுவிடுவர். அதன் பின்னர் வழிகாட்டியின் உண்மையான பாராட்டுக்கும் மதிப்பிருக்காது.

மறுபுறம், கடுமையான ஒரு கடிதத்தின் எடையும் வெளியில் இருப்பதைவிடப் பன்மடங்கு அதிகம். பயிலரங்கில் வாய்மொழியாகக் கூறிய குறையை அடுத்த வாரம் விளக்கிச் சரிசெய்யலாம். கடிதத்தில் எழுதியதை அவ்வாறு செய்ய இயலாது. அறைக்குள் அதையே திரும்பத் திரும்பப் படிக்கப் பல வாரங்கள் உள்ளன. ஆகவே கருத்துரை பொதுவாக அன்றிக் குறிப்பாக இருக்க வேண்டும் என்பது ஏறத்தாழ எல்லாத் திட்டங்களும் ஏற்றுக்கொண்ட நெறி. 'கவிதை பலவீனமாக உள்ளது' என்பதால் பயனில்லை. 'சுதந்திரம், வேதனை, இருள் என்ற சொற்கள் எந்தச் சிறைக்கும் பொருந்துபவை. இரண்டாம் பக்கத்தில் வரும் ஈரத் துணியின் வாடை உங்கள் அறைக்கு மட்டுமே உரியது, அதிலிருந்து தொடங்குங்கள்' என்பது பயனுள்ளது.

தன் குற்றத்தைப் பற்றி எழுதுபவர்களுக்குக் கருத்துரைப்பது இன்னும் கடினமானது. நிகழ்ந்ததை மழுப்பும் வாக்கியங்கள் பெரும்பாலும் எழுத்திலும் பலவீனமானவையே. 'துப்பாக்கி வெடித்தது' என்று எழுதியிருப்பவரிடம் யார் சுட்டது என்று கேட்பது இலக்கணக் கேள்வியாகவும் உள்ளது, அறக் கேள்வியாகவும் உள்ளது. எனினும் அக்கேள்வியை எப்போதும் கேட்டுவிட முடியாது. கடிதங்கள் அலுவலர்களால் படிக்கப்படுபவை. மேல்முறையீடு நிலுவையில் உள்ளபோது கைதி எழுதித் தருவது அவருக்கு எதிரான சான்றாகலாம். சக கைதியைப் பற்றியோ காவலரைப் பற்றியோ பெயருடன் எழுதுவது அவருக்கு ஆபத்தை வரவழைக்கலாம். 'இப்பகுதியை விரிவாக்குக' என்று ஓரத்தில் எழுதுவதற்கு முன் வழிகாட்டி இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. எழுத்துப் பயிற்சி நூல் எதுவும் இதைக் கற்றுத் தருவதில்லை.

எழுதுபவர் செய்த குற்றத்தை வழிகாட்டி அறிந்திருக்க வேண்டுமா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. பல அமெரிக்க மாநிலங்களில் கைதியின் பெயரைக் கொண்டு இணையத்திலேயே தண்டனை விவரத்தை அறியலாம். அறிந்துகொண்டால் எழுத்தை எழுத்தாகப் படிக்க இயலாது என்பர் சிலர். அறியாமல் எழுதும் கருத்துரை நேர்மையானதன்று என்பர் வேறு சிலர்.

அரிசோனா பயிலரங்குகள்

அரிசோனா பல்கலைக்கழகப் பேராசிரியரும் கவிஞருமான ரிச்சர்ட் ஷெல்டனுக்கு 1970 இல் சிறையிலிருந்து கடிதம் ஒன்று வந்தது. எழுதியவர் சார்லஸ் ஷ்மிட், இளம்பெண்களைக் கொலை செய்ததற்காக நாடறிந்தவர். தம் கவிதைகளைப் படித்துக் கருத்துக் கூறுமாறு அவர் கேட்டிருந்தார். ஷெல்டன் பதில் எழுதினார். அத்தொடர்பின் விளைவாக 1974 இல் புளோரன்ஸ் நகரிலுள்ள மாநிலச் சிறையில் பயிலரங்கு தொடங்கியது. ஷ்மிட் 1975 இல் சக கைதிகளால் குத்தப்பட்டு இறந்தார். பயிலரங்கு நிற்கவில்லை. ஷெல்டன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறைகளுக்குச் சென்று வந்தார். அவ்வனுபவத்தை 2007 இல் நூலாக எழுதினார். அவருடைய பயிலரங்கில் எழுதிய கென் லாம்பர்டன், சிறை வளாகத்தில் கண்ட பறவைகளையும் பூச்சிகளையும் செடிகளையும் பற்றிய நூலுக்காக 2002 இல் இயற்கை எழுத்துக்கான ஜான் பரோஸ் பதக்கம் பெற்றார்.

புளோரன்ஸ் சிறையில் இருந்த மற்றொருவர் ஜிம்மி சான்டியாகோ பாகா. சிறைக்கு வரும்போது சரியாக எழுதப் படிக்கத் தெரியாதவர். முன்பின் அறியாத ஒருவர் சமயத் தொண்டின் பேரில் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் எழுதும் முயற்சியே அவருக்கு எழுத்துக் கல்வியாக அமைந்தது. பின்னர் கவிஞர் டெனிஸ் லெவர்டாவ், தாம் கவிதைப் பகுதியைக் கவனித்து வந்த இதழில் பாகாவின் கவிதைகளை வெளியிட்டு, 1979 இல் அவரது தொகுப்பு வெளிவரவும் உதவினார்.

அபாட் நிகழ்வு

இத்துறையில் இன்றும் எச்சரிக்கையாக எடுத்துக்காட்டப்படுவது ஜாக் ஹென்றி அபாட் நிகழ்வாகும். நாவலாசிரியர் நார்மன் மெய்லர், மரண தண்டனை பெற்ற கேரி கில்மோர் பற்றிய நூலை எழுதிக்கொண்டிருந்தபோது, சிறை வாழ்க்கையை உள்ளபடி கூறுவதாக அபாட் அவருக்குக் கடிதம் எழுதினார். பன்னிரண்டு வயது முதல் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தடுப்பு இல்லங்களிலும் சிறைகளிலும் கழித்தவர் அபாட். சிறையிலேயே சக கைதி ஒருவரைக் கொன்றவர். அவருடைய கடிதங்களின் ஆற்றல் மெய்லரைக் கவர்ந்தது. 1981 இல் அக்கடிதங்கள் நூலாயின. மெய்லர் பரோல் குழுவுக்கு அபாட்டை ஆதரித்து எழுதியதுடன் வேலையும் தருவதாக உறுதியளித்தார். அபாட் 1981 சூனில் வெளியே வந்தார்.

ஆறு வாரங்களுக்குப் பின், சூலை 18 அன்று அதிகாலை, நியூயார்க் உணவகம் ஒன்றில் கழிப்பறையைப் பயன்படுத்துவது தொடர்பாக எழுந்த சிறு வாக்குவாதத்தில், அங்கு பணியிலிருந்த ரிச்சர்ட் அடன் என்ற 22 வயது இளைஞரை அபாட் கத்தியால் குத்திக் கொன்றார். அடனும் ஒரு எழுத்தாளரே. நடிகராகவும் நாடகாசிரியராகவும் உருவாகி வந்தவர். அபாட்டின் நூலைப் பாராட்டும் மதிப்புரை மறுநாள் நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு நூல் இதழில் வெளிவந்தது. அபாட் 1982 இல் மீண்டும் தண்டிக்கப்பட்டு, 2002 இல் சிறையில் தற்கொலை செய்துகொண்டார்.

இந்நிகழ்வுக்குப் பின் சிறை எழுத்துத் திட்டங்கள் அனைத்துமே ஏளனத்துக்கு உள்ளாயின. ஆனால் கடிதங்களைப் பற்றிய மெய்லரின் கணிப்பு தவறு எனக் கூறிவிட முடியாது. அவை வலிமையான எழுத்துகளே. எழுத்தைப் பற்றிய கணிப்பை மனிதரைப் பற்றிய சான்றிதழாக மாற்றியதே தவறு. அந்நூலிலேயே ஒருவரைக் கத்தியால் கொல்வது பற்றிய நுட்பமான பகுதி உள்ளது. அது இலக்கியமாகப் படிக்கப்பட்டதேயன்றி எச்சரிக்கையாகப் படிக்கப்படவில்லை. பரோல் குழுவுக்குப் பரிந்துரைக் கடிதம் தருமாறு கைதிகள் கேட்பது வழிகாட்டிகளுக்குப் பழக்கமானதே. அபாட் நிகழ்வை அறிந்தவர்கள், இவர் இத்தனை மாதம் ஒழுங்காக எழுதித் திருத்தினார் என்ற அளவில் நிறுத்திக்கொள்வர்.

பணமும் சட்டமும்

குற்றத்தை எழுதிக் குற்றவாளி பொருளீட்டுவதைத் தடுக்க நியூயார்க் மாநிலம் 1977 இல் சட்டமியற்றியது. அதனைக் கருத்துச் சுதந்திரத்துக்கு மாறானது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991 இல் தள்ளுபடி செய்தது. வேறு வழிகளில் பணத்தைப் பெற மாநிலங்கள் முயன்றன. கனெக்டிகட் மாநில மகளிர் சிறையில் நாவலாசிரியர் வாலி லாம் 1999 முதல் நடத்திய பயிலரங்கின் எழுத்துகள் 2003 இல் நூலாக வந்தபோது, சிறையில் வைத்திருந்த செலவாக நாளொன்றுக்கு 117 டாலர் வீதம் அப்பெண்களிடம் கேட்டு மாநில அரசு வழக்குத் தொடுத்தது. அவர்களுள் ஒருவர் 2004 இல் பென் அமைப்பின் விருதைப் பெற்றார். அதைத் தொடர்ந்து எழுந்த கண்டனங்களுக்குப் பின் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

கடிதக் கட்டுப்பாடுகள்

கைதிகளின் கடிதங்களைத் தணிக்கை செய்யும் அதிகாரத்துக்கு உச்ச நீதிமன்றம் 1974 இல் வரம்பு விதித்தது. 1987 இல் வேறொரு வழக்கில், சிறை நிர்வாகத் தேவையுடன் நியாயமான தொடர்பு இருந்தால் விதி செல்லும் என்ற தளர்ந்த அளவுகோலை ஏற்றது. போதைப்பொருள் தோய்த்த தாள்கள் அஞ்சலில் வருவதாகக் கூறி, பென்சில்வேனியா 2018 இல் கைதிகளுக்கான சாதாரணக் கடிதங்களைப் புளோரிடாவிலுள்ள தனியார் நிறுவனத்துக்குத் திருப்பிவிட்டது. அங்கு கடிதம் நகலெடுக்கப்படும், கைதிக்கு நகல் மட்டுமே கிடைக்கும், மூலம் அழிக்கப்படும். வேறு சில மாநிலங்களும் இம்முறையைப் பின்பற்றின. கையெழுத்துப் படியின் ஓரத்தில் மெல்லிய பென்சிலால் குறிப்பெழுதும் வழக்கமுள்ள வழிகாட்டிகளுக்கு இது நேரடியான சிக்கல்: நகலில் முதலில் மறைந்துபோவது அக்குறிப்புகளே.