நீலி சொன்ன பொய்

ஆளை ஏமாற்றிப் பழிவாங்கும் பெண்ணைப் பற்றிய திரில்லர் என்றால் நான் விடமாட்டேன். பாதி ராத்திரி ஆனாலும் முடித்துவிட்டுத்தான் படுப்பேன். பொய்ப் பெயர், பொய்க் கல்யாணம், பொய்க் கண்ணீர் என்று போகும் கதையில் அவள் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நமக்குப் படபடக்கிறது. நிஜத்தில் பத்து ரூபாய் ஏமாற்றியவனை மன்னிக்காத நாம், சொத்தையும் உயிரையும் பறிப்பவள் ஜெயிக்க வேண்டும் என்று ஏன் வேண்டிக்கொள்கிறோம்? 'வணிக எழுத்து' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவது நம் சிறுபத்திரிகைப் பழக்கம். அந்த ருசிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. தமிழில் அதைத் தேடப் போனால் பழையனூரில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

திருவாலங்காட்டை அடுத்த பழையனூர் நீலியின் கதை பல வடிவங்களில் வழங்குகிறது. ஒரு வடிவம் இது. காஞ்சிபுரத்துப் பிராமணன் ஒருவன், மனைவி இருப்பதை மறைத்துக் காசியில் இன்னொருத்தியைக் கட்டுகிறான். அவளோடு ஊர் திரும்பும்போது, குட்டு உடைந்துவிடும் என்ற பயத்தில் ஆலங்காட்டுப் பக்கம் அவளைக் கொன்றுவிடுகிறான். அவளோடு வந்த உடன்பிறந்தவன் தூக்குப் போட்டுக்கொள்கிறான். அடுத்த பிறவியில் கொன்றவன் செட்டியாகப் பிறக்கிறான். அவள் பேயாகக் காத்திருக்கிறாள். வியாபாரத்துக்கு வந்த செட்டியின் பின்னால், கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் மனைவி வேஷத்தில் நீலி வருகிறாள். பழையனூர் வேளாளர் 70 பேர் கூடிய சபையில் வழக்கு நடக்கிறது. "இவர் என் புருஷன், என்னை விட்டுட்டுப் போகப் பாக்கிறார்" என்று அழுகிறாள் அவள். "இவ பேய், நம்பாதீங்க" என்று கதறுகிறான் அவன். இறக்கிவிட்ட குழந்தை 'அப்பா' என்று அவன் மடியில் ஏறுகிறது. சபைக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? இருவரையும் ஓரிரவு ஒன்றாகத் தங்கச் சொல்கிறார்கள். அவன் காவலுக்கு வைத்திருந்த கத்தியையும் வாங்கிவிடுகிறார்கள். உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிர் பிணை என்று வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்தால் செட்டி பிணம். 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

ஒரு திரில்லருக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது. கேட்பவருக்குத் தெரிந்தது சபைக்குத் தெரியாது. கத்தி கைமாறும் இடத்தில் நமக்கு மூச்சு நிற்கிறது. ஆனால் என்னை உறுத்துவது வேறு. சபையில் அவன் சொன்னது அத்தனையும் உண்மை, அவள் சொன்னது அத்தனையும் பொய் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சற்று நின்று யோசித்தால் அவள் சொன்னதிலும் பொய் இல்லை. அவன் அவள் புருஷன்தான், போன பிறவியில். அவளை விட்டுவிட்டுப் போனவன்தான். கொலை நடந்தபோது அவளுக்கு ஒரு சபை கிடைக்கவில்லை. சபை கிடைத்தபோது வழக்கு காலாவதியாகிவிட்டது. கொலையுண்டவளாக வந்து நின்றால் யார் கேட்பார்கள்? கைவிடப்பட்ட பெண்டாட்டியாக, கைக்குழந்தைக்காரியாக வந்தால்தான் கேட்பார்கள். சட்டம் பதிவு செய்யாத ஓர் உண்மையின் மாறுவேடம் என்றே நீலியின் பொய்யை நான் வாசிக்கிறேன். இந்த வகைக் கதைகளின் கவர்ச்சியும் இங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம்.

பேய்க்கதைக்கு மட்டும் பொருந்துகிற வாதமா இது என்று கேட்கலாம். பேயே இல்லாத ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' பத்திரிகையில் 1862-இல் வில்கி காலின்ஸின் 'நோ நேம்' தொடராக வந்தது. மக்தலேன் வான்ஸ்டோனின் அப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. அந்த மனைவி செத்த பிறகுதான், பெண்கள் இருவரும் வளர்ந்துவிட்ட நிலையில், பெற்றோர் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அந்தக் கல்யாணமே வினையாகிறது. கல்யாணம் ஆனால் முன்பு எழுதிய உயில் செல்லாது என்பது 1837-ஆம் வருஷத்து உயில் சட்டம். புது உயில் எழுதுமுன் அப்பா ரயில் விபத்தில் போய்விடுகிறார், அம்மாவும் சாகிறாள். பெண்கள் சட்டத்தின் கண்ணில் யாருக்கும் பிறக்காதவர்கள். சொத்து பெரியப்பாவுக்கும், பின் அவர் மகனுக்கும் போகிறது. நடிப்பில் கைதேர்ந்த மக்தலேன் பொய்ப்பெயரில் அந்த மகனையே கட்டிக்கொள்கிறாள். (நம் முறைப்படி அண்ணன்! தமிழ் வாசகர் முகம் சுளிக்கலாம். அது வேறு விஷயம்.)

பெற்றோர் பின்னால் மணந்துகொண்டால் பிள்ளைகள் முறையானவர்கள் ஆவார்கள் என்ற சட்டம் இங்கிலாந்தில் 1926-இல்தான் வந்தது. அதிலும், பிள்ளை பிறந்த சமயத்தில் பெற்றோரில் ஒருவர் வேறொருவரோடு மணத்தில் இருந்திருந்தால் பலன் கிடையாது. அந்த விலக்கு நீங்கியது 1959-இல். மக்தலேன் நேர்வழியில் போயிருந்தால், நாவல் வந்ததிலிருந்து 97 வருஷம் கோர்ட்டு வாசலில் நின்றிருக்க வேண்டும். அப்பன் பெயரே மறுக்கப்பட்டவள் பொய்ப்பெயர் போடுவதில் என்ன மோசடி?

ஆனால் இந்தப் பெண்ணை எழுதியவர்கள் அவளைக் கடைசிவரை அப்படியே விட்டதில்லை. காலின்ஸ் அவளை வறுமையிலும் காய்ச்சலிலும் தள்ளி, ஒரு நல்ல கப்பல் தலைவன் கையில் பிடித்துக் கொடுக்கிறார். பொறுமையாக இருந்த அக்காவுக்கோ சொத்து கல்யாணம் வழியாக வந்து சேர்கிறது. தமிழில் இந்த வேலையை மதங்கள் செய்தன. சுமார் 10-ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் 'நீலகேசி' என்ற சமணக் காப்பியத்தில் பழையனூர் நீலி ஒரு முனிவரை மயக்க அரசகுமாரி வேஷத்தில் போகிறாள். அவர் கண்டுபிடித்துவிடுகிறார். அவள் சமணத்தைத் தழுவி, வாதுக்குக் கிளம்புகிறாள். அவள் வென்றவர்களில் ஒருத்தி குண்டலகேசி. அவள் யார்? தன்னை மலையுச்சிக்குக் கொண்டுபோய்க் கொல்லப் பார்த்த திருட்டுப் புருஷனை, 'சாகுமுன் மூன்று முறை வலம்வந்து கும்பிடுகிறேன்' என்று ஏமாற்றிப் பின்னாலிருந்து தள்ளியவள். பிறகு பௌத்தத் துறவி. ஏமாற்றத் தெரிந்த இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று தத்துவம் பேசுகிறார்கள்! புத்தியுள்ள பெண்ணை என்ன பண்ணுவது என்று தெரியாத சமூகத்தில் மதம் அவளுக்கு ஓர் உத்தியோகம் கொடுத்தது. சேரும்போது பழைய வழக்கை வாபஸ் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

சைவத் தரப்பு இன்னும் கெட்டிக்காரத்தனம். உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்கும் 'சேக்கிழார் புராணம்' இதை வேளாளர் பெருமையாக, கொடுத்த வாக்குக்காக உயிர்விட்டவர்களின் கதையாகச் சொல்கிறது. சபை ஏமாந்தது அவமானம், சபை வாக்குத் தவறாதது பெருமை. அவமானத்தைப் பெருமையாக்கும் இந்தச் சொல்லாடலில் நீலி வெறும் கருவி. அவள் தரப்பைக் காப்பாற்றி வைத்தது தென்கோடி வில்லுப்பாட்டு. அங்கே கள்ளிச்செடிதான் கொலைக்குச் சாட்சி. அந்தச் சாட்சியே பிள்ளையாக வந்து சபையில் வாய் திறக்கிறது.

இதையெல்லாம் எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. பல வருஷத்துக்கு முன் எங்கள் ஊரில் ஒரு பஞ்சாயத்து. புருஷன் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறான், நகையெல்லாம் அடகுக்குப் போயிருச்சு என்று என் ஒன்றுவிட்ட அக்கா அழுதாள். பெரியவர் ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இந்த நீலிக் கண்ணீரெல்லாம் இங்க வேணாம்மா" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

'நீலிக் கண்ணீர்' என்ற ஒரு சொல் எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள். வஞ்சத்தை வைத்துக்கொண்டு கொலையை உதறிவிட்டது. அழுதவளை ஞாபகம் இருக்கிறது; எதற்கு அழுதாள் என்பது மறந்துபோச்சு. அதற்கப்புறம் எந்தச் சபையில் எந்தப் பெண் அழுதாலும் முதல் சந்தேகம் அவள்மேல்தான். நான் விரும்பிப் படிக்கும் திரில்லர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. கிலியன் ஃப்ளின்னின் 'கான் கேர்ள்' (2012) நாவலில், துரோகம் செய்த கணவனைப் பழிவாங்க ஏமி தன் கொலையையே ஜோடிக்கிறாள். ஆண்கள்மேல் பலாத்காரப் பழியும் பொய்யாகச் சுமத்துகிறாள். புகார் சொல்லும் பெண்களை எல்லாம் சந்தேகிக்க இது கற்றுத்தருகிறது என்று பெண்ணியவாதிகள் சிலர் கண்டித்தார்கள். அதைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் படிப்பதை நான் விடப்போவதில்லை. ஒரு கேள்வியை மட்டும் கூடவே வைத்துக்கொள்கிறேன்: இந்தப் பிரதி வஞ்சத்தோடு அதன் காரணத்தையும் ஞாபகம் வைத்திருக்கிறதா?

வாசகருக்குப் பழையனூர்ச் சபையைவிட ஒரு வசதி உண்டு. போன பிறவியில் நடந்தது நமக்குத் தெரியும். அன்று பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியும். அக்கா புருஷன் நகைப் பொட்டலத்தோடு அடகுக்கடை ஏறியதை நானே பார்த்திருந்தேன். கள்ளிக் கட்டைக்கு இருந்த வாய்கூட எனக்கு இல்லாமல் போச்சு.