இணையவழிக் காதல் மோசடி

இணையவழிக் காதல் மோசடி என்பது பொய்யான பெயரிலும் படத்திலும் ஒருவரோடு இணையத்தில் பழகி, காதல் அல்லது திருமணம் என்று நம்பவைத்துப் பணம் பறிக்கும் குற்றமாகும். மேட்ரிமோனி தளம், டேட்டிங் செயலி, பேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றில் தொடங்கும் பழக்கம் விரைவில் வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ மாற்றப்படும். அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்திடம் 2022இல் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் இவ்வகைப் புகார் அளித்தனர். அவர்கள் இழந்ததாகத் தெரிவித்த தொகை 130 கோடி டாலர். வெட்கத்தால் வாய்திறவாதவர்கள் இக்கணக்கில் இல்லை.

செயல்படும் முறை

மோசடிக்காரர் தம்மைக் கப்பல் பொறியாளர், எண்ணெய்க் கிணற்று ஊழியர், வெளிநாட்டு ராணுவ மருத்துவர் என்றெல்லாம் சொல்லிக்கொள்வார். நேரில் வர முடியாததற்கு இவ்வேலைகளே காரணமாக அமைந்துவிடுகின்றன. காலை முதல் இரவு வரை நலம் விசாரித்து, வாரக்கணக்கில் நம்பிக்கையை வளர்த்த பிறகே பணப் பேச்சு எழும். துணையை இழந்தோர், மணமுறிவு பெற்றோர், வரன் தேடிச் சலித்தோர் ஆகியோருக்கு அந்த விசாரிப்பு ஆறுதலாக இருக்கிறது. நன்கு படித்தவர்களும் ஏமாறுவது இதனால்தான். அதை அவர்களது அறிவுக் குறைவாகக் கொள்வது தவறு.

முக்கிய வடிவங்கள்

பரிசுப் பொட்டல மோசடி: நகையும் வெளிநாட்டுப் பணமும் அனுப்பியிருப்பதாகக் காதலர் சொல்வார். அடுத்து, பொட்டலம் விமான நிலையத்தில் பிடிபட்டுள்ளது, வரி கட்ட வேண்டும் என்று ‘சுங்க அதிகாரி’ அழைப்பார். இந்தியச் சுங்கத்துறை தனிநபர் கணக்கில் வரி கட்டச் சொல்வதில்லை. அதன் கடிதங்களில் உள்ள ஆவண அடையாள எண்ணைத் துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

முதலீட்டு மோசடி: காதலர் காட்டும் கிரிப்டோ அல்லது பங்கு வணிகச் செயலி போலியானது. முதலில் சிறு லாபத்தை எடுக்கவிட்டு, பெருந்தொகை சேர்ந்ததும் கணக்கை முடக்கிவிடுவார்கள்.

அந்தரங்கக் காணொளி மிரட்டல்: ஆடையின்றிப் பேசத் தூண்டி அதைப் பதிவு செய்து, உறவினர்களுக்கு அனுப்புவதாக மிரட்டுவார்கள். போலிக் காவல் அதிகாரி ஒருவரும் அழைத்துப் பணம் கேட்பதுண்டு.

பின்னணி

இம்மோசடிகளில் பல, மியான்மர், கம்போடியா, லாவோஸ் நாடுகளின் முகாம்களிலிருந்து நடத்தப்படுகின்றன. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இவ்வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. கணினி வேலை என்று நம்பிச் சென்று மியான்மரில் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022இல் மீட்கப்பட்டனர். அரட்டையின் மறுமுனையில் இருப்பவரும் சில வேளைகளில் ஓர் அடிமையே.

அறிகுறிகள்

• நேரில் சந்திப்பதைத் தொடர்ந்து தள்ளிப்போடுதல்
• பழகிய சில நாள்களிலேயே திருமணப் பேச்சு
• இந்தப் பழக்கத்தை வீட்டில் சொல்லாதே என்ற வற்புறுத்தல்
• மருத்துவம், விசா, அபராதம் என அவசரப் பணத் தேவை
• வேறு வேறு பெயர்களிலுள்ள வங்கிக் கணக்குகள்

படத்தைக் கூகுள் லென்ஸில் தேடினால், அது வேறொருவருடையது என்று தெரியவரலாம். செயற்கை நுண்ணறிவால் முகத்தையும் குரலையும் மாற்ற முடிவதால், காணொளி அழைப்பு மட்டுமே சான்றாகாது. நேரில் பார்க்காதவருக்குப் பணம் அனுப்பாதிருப்பதே உறுதியான காப்பு.

ஏமாந்தபின் செய்ய வேண்டியவை

பணம் அனுப்புவதை உடனே நிறுத்தி, வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் 1930 என்ற எண்ணை அழைக்கலாம். தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். பணம் பல கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் புகார் சென்றால், அதை முடக்கி மீட்கும் வாய்ப்பு அதிகம். உதவி எண் சிங்கப்பூரில் 1799, மலேசியாவில் 997.

அரட்டை, தொலைபேசி எண், பரிவர்த்தனை எண் ஆகியவற்றை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். மிரட்டலுக்குப் பணம் கொடுத்தால் மேலும் கேட்பார்கள். இழந்ததை மீட்டுத் தருவதாகக் கட்டணம் கேட்போரும் மோசடிக்காரர்களே. மோசடிக்காரருக்காகத் தம் வங்கிக் கணக்கில் பிறர் பணத்தை வாங்கி அனுப்பியவர்மீதும் வழக்கு வரலாம்.

சட்டம்

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 66டி பிரிவு, கணினிவழி ஆள்மாறாட்ட மோசடிக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318, 319 பிரிவுகள் ஏமாற்றுதலுக்கும் ஆள்மாறாட்டத்துக்கும், 308 மிரட்டிப் பணம் பறித்தலுக்கும் பொருந்தும்.

குடும்பத்தினரின் பங்கு

ஏமாந்தவர் பணத்தோடு, தம்மை நேசித்ததாக நம்பிய ஒருவரையும் இழக்கிறார். ‘இதுகூடத் தெரியாதா’ என்ற ஒரு கேள்வி அவரை மறுபடியும் மோசடிக்காரரிடமே தள்ளிவிடக்கூடும். பழிக்காமல் கேட்பதும், வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் உடன்செல்வதும், தேவையானால் மனநல ஆலோசனைக்கு அழைத்துச்செல்வதும் வீட்டாரின் கடமை. வீட்டில் அச்சமின்றிச் சொல்ல முடிந்தவரே காலம் தாழ்த்தாமல் புகார் கொடுக்கிறார்.